இடது மெத்தையில் சூடு

இடது மெத்தை சூடாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தாங்கியிலிருந்து அந்த ஹெட்போனை எடுத்தபோதுதான் பொற்செவியார் அதைக் கவனித்தார். மூன்று நாளாக யாரும் தொடாத தோல் எப்படி இருக்குமோ அப்படிச் சில்லென்று இருந்தது வலது காதுக்கான மெத்தை. இடது மட்டும், யாரோ ஒரு மணி நேரம் காதோடு அழுத்தி வைத்திருந்துவிட்டு இப்போதுதான் கழற்றி மாட்டிப் போனதுபோல இளஞ்சூடாக, விரலில் ஒட்டுகிற மெல்லிய ஈரத்தோடு இருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் பழைய வாடை. அதற்கு அடியில் இன்னொன்று. கொஞ்சம் யோசித்த பிறகுதான் பிடிபட்டது, கார்பன் தாள்.

அறைக்கு ஜன்னல் கிடையாது. நான்கு சுவரிலும் முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமான கறுப்பு நுரைப்பஞ்சு. வெளியே இடி விழுந்தாலும் உள்ளே தும்மல் அளவுக்குத்தான் கேட்கும். சாவி அவர் இடுப்பில். மனைவி இதற்குள் காலெடுத்து வைத்துப் பல வருஷம் ஆகிறது. மூச்சு முட்டுகிறது என்பது அவள் சொன்ன காரணம். உண்மையான காரணம் உள்ளே உட்கார்ந்திருப்பவர்.

ஆம்ப்ளிஃபயரின் சூடு பட்டிருக்கும் என்று முடிவு செய்தார். ஆம்ப்ளிஃபயர் செவ்வாய்க்கிழமையிலிருந்து அணைந்தே கிடக்கிறது என்ற நினைவு வந்ததும் அந்த நினைவையும் அணைத்தார். வல்லுநர் என்பவர் எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பவர். அது சரியான காரணமா என்று யாரும் கேட்பதில்லை.

பொற்செவியார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. 'தொல்செவிப்பொறிச் சுவைஞர் வட்டம்' என்ற பெயரில் பழைய ஹெட்போன் பைத்தியங்கள் பதினோரு பேர் நடத்தும் சங்கம் அளித்த பட்டம். பதினோரு பேர் சேர்ந்து ஒருவரைப் பெரிய மனிதராக்குவது ஒன்றும் கஷ்டமில்லை. பதிலுக்கு அவர் அந்தப் பதினோரு பேரையும் பெரிய மனிதர்களாக்கினால் போதும். "இதன் ஒலியில் ஓர் ஈரமான அகலம் இருக்கிறது" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் பத்துப் பேருக்கு உடனே ஈரம் கேட்கும். பதினோராவது ஆளுக்கு அகலமும் சேர்ந்து கேட்கும்.

தயாரிப்பு நின்றுபோன ஹெட்போன்களைப் பார்த்து, இன்ன மாடல், இன்ன வருஷம், இன்ன விலை பெறும் என்று சொல்வது அவர் தொழில். அதில் உண்மையிலேயே கெட்டிக்காரர். இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். திருகாணியின் தலை, வயரின் பின்னல், மெத்தையின் தையல், இந்த மூன்றே போதும், வருஷத்தைச் சொல்லிவிடுவார். கடைசியாகக் காதில் மாட்டிக் கேட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவார். "இரு செவிகளாலும் கேட்டுச் சான்றளிக்கிறேன்" என்பது அதன் கடைசி வரி. அந்த வரிக்காகத்தான் வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வீட்டில் உலை கொதிப்பது அந்த இரண்டு காதை நம்பி.

இந்த ஹெட்போனுக்காக ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு ஒரு பெண் வருகிறாள். பெரிய சேகரிப்பாளர்கள் சார்பில் பொருள் பார்த்து வாங்குகிறவள். அவள் தலையாட்டிவிட்டால் பொற்செவியாரின் பேச்சு இனிப் பதினோரு பேரோடு நிற்காது.

அந்த ஹெட்போனைக் கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற தட்டச்சர். விசாரணை அலுவலகம் ஒன்றில் நாற்பது வருஷம், பதிவான வாக்குமூலங்களைக் காதில் கேட்டுக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்தவர். செவ்வாய்க்கிழமை மதியம், துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"விக்க வரலீங்க சார். ஆபீஸ்ல பழைய மெஷினையெல்லாம் கழிச்சுக் கட்டினப்ப இதை எனக்கே குடுத்துட்டாங்க. என்ன ஏதுன்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

பொற்செவியார் மெத்தைகளைக் கழற்றி உள்ளே பார்த்தார். காதை மூடும் இரண்டு கிண்ணத்தின் உள்விளிம்பிலும் பென்சிலால் எழுதிய ஒரே எண். ஒரே வருஷம் தயாராகி நின்றுபோன மாடலின் முதல் தொகுதி. யாரோ ஒருவர் உட்கார்ந்து, இடதையும் வலதையும் காதால் ஒப்பிட்டுப் பார்த்து, ஜோடி சேர்த்து, கையால் எண் போட்டவை. அவரே படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தார். விரல் அந்த எண்ணை விட்டு நகர மறுத்தது. முகத்தில் மட்டும் திரிந்த பாலை மோந்தவரின் பாவனை.

"இது பின்னாடி வந்த மலிவு ரகம் ஐயா. சரி, வந்தது வந்துட்டீங்க, ஓடுதான்னு பார்த்துடுவோம்."

அவருடைய ஆம்ப்ளிஃபயரில் பேலன்ஸ் குமிழ் ஒன்று உண்டு. நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் பேசும். வலப்புறம் திருப்பினால் இடது ஊமை; இடப்புறம் திருப்பினால் வலது ஊமை. நடுவை விட்டு நகரும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். பெரியவர் ஹெட்போனைத் தலையில் பொருத்திக்கொண்டிருந்தபோது பொற்செவியார் மரியாதையாக வாயைப் பொத்தி ஒரு இருமல் இருமினார். அந்த 'டிக்' இருமலுக்குள் போய்விட்டது. வெகுநாள் பழக்கம். எத்தனையோ நல்ல ஹெட்போன்கள் அந்த இருமலில் செத்து, அடிமாட்டு விலைக்கு அவர் அலமாரிக்கு வந்து பிழைத்துக்கொண்டிருக்கின்றன.

"இடது கேக்குதா ஐயா?"

"இல்லீங்களே." பெரியவர் கிண்ணத்தை அழுத்திப் பார்த்தார். "காலையில கூட வீட்ல போட்டுக் கேட்டேனே."

"செத்துப்போச்சு. என்ன பண்றது, அதுக்கும் ஆயுசுன்னு ஒண்ணு இருக்கில்ல."

"பரவால்ல சார். ரிப்பேர் பண்ணி நானே வெச்சுக்கறேன்." பையை விரித்தார்.

இதைப் பொற்செவியார் எதிர்பார்க்கவில்லை. அடுத்த பொய் யோசித்து வந்ததல்ல, வாயிலேயே பிறந்தது. ஹெட்போனை வாங்கித் தன் தலையில் மாட்டி, கண்ணை மூடி, தாளத்துக்குத் தலையை ஆட்டினார்.

"அட, எனக்கு ரெண்டும் கேக்குதே!"

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாப்பது வருஷம் சார். வாய்க்குள்ளயே முனகினதைக் கூட ஒரு எழுத்து பிசகாம அடிச்சவன் நான்." கையை நீட்டினார். "குடுங்க, மாத்திப் போட்டுப் பார்த்துடறேன்."

இடது கிண்ணத்தை வலக்காதுக்கும் வலதை இடக்காதுக்கும் மாற்றிப் போட மூன்று விநாடி ஆகும். கோளாறு காதிலா கருவியிலா என்பது அந்த மூன்று விநாடியில் தெரிந்துவிடும். தொழிலுக்கு நேற்று வந்தவனுக்கும் தெரிந்த சோதனை.

"ஐயையோ, மாத்திப் போடக் கூடாதுங்க, கம்பி தளர்ந்துடும்." ஹெட்போனைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "வயசானா இதெல்லாம் சகஜம் ஐயா. ஒண்ணும் தப்பில்ல."

"இப்ப நீங்க பேசறது இடதுலயும் கேக்கற மாதிரிதான சார் இருக்கு?"

"அப்படித்தான் தோணும். நிஜத்துல வலதுதான் ரெண்டுக்கும் சேர்த்து வேலை பார்க்குது. இனிமே இடதுல எது கேட்டாலும் நம்பாதீங்க."

பெரியவர் இடக்காதை இழுத்தார். விரலை விட்டுக் குடைந்தார். பிறகு, "கேக்காத காதுக்கு இது எதுக்குங்க" என்று எழுந்தார். நீட்டிய சொற்பப் பணத்தை வாங்கி எண்ணாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காலிப் பையை அதே மாதிரி நெஞ்சோடு அணைத்தபடி போனார். வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம். ஒரு கால் இழுபடும், மறுகால் பொத்தென்று விழும். சரக், தப். சரக், தப். அது வாசல் கதவைத் தாண்டும் வரைக்கும்கூடப் பொற்செவியாருக்குப் பொறுமையில்லை. அறைக்குள் ஓடிவந்து கதவைச் சாத்தினார்.

அதெல்லாம் செவ்வாய்க்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை, மெத்தையைத் துடைத்துவிட்டு, குமிழை நடுவில் நிறுத்தி, ஹெட்போனைத் தலையில் மாட்டினார். ஒலி அற்புதமாகத்தான் இருந்தது; பொய்யே சொல்லத் தேவையில்லாத அளவுக்கு. முதல் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால் வரும் அந்தச் சிறு மௌனத்தில், இடப்பக்கம், வெகு தூரத்தில், சிமெண்டுத் தரையில் எதையோ தேய்த்து இழுப்பதுபோல ஒரு சத்தம், அதன் பின்னால் மெத்தென்று ஒன்று விழும் சத்தம், மறுபடி தேய்ப்பு, மறுபடி விழுவது.

ஒலிப்பதிவு நடந்த இடத்தில் யாரோ நடந்திருக்கிறார்கள். இந்த ஹெட்போன் அதைக்கூடக் காட்டிக்கொடுக்கிறது. குறிப்பேட்டில் 'நுண்மை அபாரம்' என்று எழுதினார்.

எழுதி முடித்தபோது பாட்டை எப்போதோ நிறுத்தியிருந்தார் என்பது உறைத்தது. வயரைப் பிடுங்கினார். முனை அவர் மடியில் விழுந்தது.

சரக், தப்.

கழற்றினார். நின்றது.

மெத்தை சூடாக இருந்தது. இப்போது அவர் போட்டிருந்தார், அதனால் இருக்கலாம். வலதையும் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது.

சனிக்கிழமை மதியம் சாப்பிடும்போது, மனைவி தோளைத் தட்டியதும் திடுக்கிட்டார். அவள் இடப்பக்கம் நின்றிருந்தாள்.

"மூணு தடவை கூப்பிட்டாச்சு."

"கவனிக்கலை."

"என்னைக்குக் கவனிச்சீங்க, இன்னைக்குக் கவனிக்க." தண்ணீரை வைத்தாள். "செவ்வாக்கிழமை ஒரு பெரியவர் வந்தாரே, பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு. போய்ட்டாராம்."

"எங்க?"

அவள் அவரைப் பார்த்த பார்வையில் பதில் இருந்தது.

"இங்கருந்து போனவர் தெருமுனை தாண்டலை. இஸ்திரிக்காரர் கண்ணால பார்த்திருக்கார். பால் வண்டி இடது பக்கத்துலேர்ந்து வந்துச்சாம். அவன் ஹாரன்ல கையை வெச்சவன் எடுக்கவே இல்லையாம். எனக்கே சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. நீங்க உள்ள கதவைச் சாத்திட்டு இருந்தீங்க." அவள் எதிரில் உட்கார்ந்தாள். "அவருக்கும் காதுல விழுந்துதாம். நின்னாராம். ஆனா அந்தப் பக்கம் திரும்பலையாம். 'அது கேக்காது, அது கேக்காது'ன்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டே ரோட்டுல இறங்கிட்டாராம். அவரோட என்னங்க பேசுனீங்க?"

பொற்செவியாருக்கு முதலில் தோன்றியது, இனி யாரும் ஹெட்போனைத் திருப்பிக் கேட்டு வரமாட்டார்கள் என்பது. அது தோன்றிய வேகத்தைக் கண்டு அவருக்கே ஒரு கணம் கூசியது. ஒரு கணம்தான்.

"வயசானவங்க ரோட்ல பார்த்துப் போகணும்," என்றார்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் இன்னும் சாப்பிட்டு முடித்திருக்கவில்லை.

அறைக்கு வந்து விளக்கு, ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் போட்டார். மூன்று தடவை கூப்பிட்டாளாம். நுரைப்பஞ்சின் ரப்பர் வாடைக்கு நடுவே அந்த எண்ணெய் வாடை இன்று தேடாமலே வந்தது. ஹெட்போனை மாட்டினார். வலக்காதில் பாட்டு, கண்ணாடி மாதிரித் தெளிவாக. இடக்காதில் பாட்டு இல்லை. தெரு இருந்தது. எங்கோ ஒரு சைக்கிள் மணி, காற்றில் ஏதோ காகிதம் உருளும் சத்தம், அதற்கு நடுவே நிதானமாக, அவசரமே இல்லாமல், சரக், தப், சரக், தப். நேற்று சிமெண்டுத் தரை. இன்று காலடியில் மண்ணும் சரளையும். வாசல் கதவைத் தாண்டியாயிற்று.

மாற்றிப் போட்டார். மூன்று விநாடி.

இடது கிண்ணம் இப்போது வலக்காதில். பாட்டு. பிசிறே இல்லை.

வலது கிண்ணம் இடக்காதில். தெரு.

ஹெட்போன் நன்றாகத்தான் இருக்கிறது. காது.

மாட்டியதைக் கழற்றி, இடக்காதின் அருகே விரலைச் சொடுக்கினார். விரல்கள் உரசியது தோலில் தெரிந்தது, சத்தம் இல்லை. கைக்கடிகாரத்தை வைத்தார். இல்லை. நுரைப்பஞ்சைப் பிய்த்துக் காதோரம் கசக்கினார். இல்லை. அந்தக் காதுக்கு இந்த உலகத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. தெரு மட்டும் வந்தது.

இப்போது ஹெட்போன் தலையில் இல்லை. அது தாங்கியில் இருந்தது.

சரக், தப்.

ஞாயிறு நான்கு மணிக்கு அவள் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் பூட்டுப் போட்ட பெட்டி. வணக்கம் சொன்ன கையோடு மெத்தையைக் கழற்றி, பென்சில் எண்களைப் பார்த்து, திருகாணிகளைப் பார்த்து, தலையில் மாட்டிக் கேட்டாள். பொற்செவியார் அவளுக்கு வலப்பக்கத்தைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இடப்பக்கம் கால்கள் முனையை நெருங்கிக்கொண்டிருந்தன. ராத்திரி முழுக்க நடந்திருந்தன. அவர் தூங்கவில்லை.

"அருமையான ஜோடி சார்," என்றாள். "உங்க சான்றிதழ்ல 'இரு செவிகளாலும் கேட்டு'ன்னு ஒரு வரி வருமே. என் முன்னாடி ஒருவாட்டி கேட்டுச் சொல்லிடுங்க. எங்க ஆளுங்க அதைத்தான் கேப்பாங்க."

"தாராளமா."

அவளே மாட்டிவிட்டாள். ஏதோ ஒரு பாட்டைப் போட்டாள். வலதில் கேட்டது. பிறகு அவள் கை ஆம்ப்ளிஃபயரில் எதையோ தொட்டது. ஒவ்வொரு பக்கமாகச் சோதிப்பது எல்லோரும் செய்வதுதான். வலது அமைதியாயிற்று. தெருமுனைக் காற்று மட்டும். ஒரு பெரிய வண்டி தூரத்தில் கியர் மாற்றிற்று.

"இடது எப்படி இருக்கு சார்?"

பொற்செவியார் கண்ணை மூடினார். முப்பது வருஷப் பழக்கம் கைகொடுத்தது.

"ஈரமான ஓர் அகலம். அந்தக் குரல் இருக்கே, அப்படியே முன்னால வந்து நிக்குது."

பதில் வராததால் கண்ணைத் திறந்தார். அவள் ஹெட்போனை மெல்லக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"குரலே இல்ல சார். வெறும் டிரம்தான் போட்டேன்." அவள் முகத்தில் ஏளனம் இருந்திருந்தால் சமாளித்திருப்பார். இருந்தது இரக்கம். "வயசானா இதெல்லாம் சகஜம். ஒண்ணும் தப்பில்ல."

சான்றிதழ் வேண்டாம், பொருள் மட்டும் போதும் என்றாள். சொன்ன விலையைக் கொடுத்தாள். குமிழைப் பழையபடி நடுவில் நிறுத்தி, ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஹெட்போனைப் பெட்டியில் படுக்கவைத்துப் பூட்டி எடுத்துக்கொண்டு போனாள். ஆறு மணிக்குள் பதினோரு பேருக்கும் தெரிந்துவிடும். ஆறரைக்குள் ஒவ்வொருவரும், தனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது என்று சொல்லியிருப்பார்கள்.

போகட்டும். அது வீட்டை விட்டுப் போனதே, அது போதும்.

தாங்கி காலியாக நின்றது. அவர் நாற்காலியிலேயே இருந்தார். அறைக் கதவு திறந்திருந்தது. வலக்காதில் வீடு கேட்டது. குழாய் சொட்டுவது. மனைவி வாசல் கதவைச் சாத்துவது. இடப்பக்கம், வெகுநேரத்துக்குப் பிறகு, காலடிகள் நின்றன.

அப்பாடா என்றிருந்தது.

இடக்காது சூடாக இருந்தது.

கையை வைத்தார். ஒன்றும் இல்லை. தோலில் ஈரம். எண்ணெய் வாடை.

எதிரே அலமாரியின் கறுப்புக் கண்ணாடிக் கதவு. அதில் அவர் முகம். உச்சந்தலையில், நரைத்த முடிக்குக் குறுக்கே, ஒரு விரற்கடை அகலத்துக்குப் பள்ளம். கம்பி வைத்து அழுத்தியதுபோல. முடியைக் கோதினார். முடி எழும்பவில்லை. இடக்காது மண்டையோடு ஒட்டி, மடங்கி, தட்டையாகக் கிடந்தது. அதன் மேல் எதுவும் இல்லை. எதுவோ அதை அழுத்திக்கொண்டிருந்தது.

இரண்டு கையாலும் பிய்த்தார். பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை.

காதுக்கு வெகு அருகில் யாரோ மரியாதையாக இருமினார்.

ஆம்ப்ளிஃபயர் அணைந்திருந்தது. சிவப்பு விளக்கு இல்லை. பேலன்ஸ் குமிழ் நடுவில் இல்லை. அந்த 'டிக்' அவருக்குக் கேட்கவில்லை. குமிழ் இடப்புறமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மெதுவாக. ஒரு முடி அளவு. இன்னொரு முடி அளவு.

குழாய் சொட்டுவது நின்றது. நிற்கவில்லை, சின்னதாயிற்று.

பிடித்துத் திருப்பினார். சுவரைத் திருப்புவதுபோல இருந்தது.

வாசற்படியில் மனைவி.

"என்னங்க, அந்தப் பொண்ணு எதையோ விட்டுட்டு..."

வெகு தூரத்திலிருந்து.

"ஏங்க, முகம் ஏன் இப்படி..."

குமிழ்.

அவள் வாய் அசைந்தது. மறுபடி அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வெளியே இடி விழுந்திருந்தாலும் தெரிந்திருக்காது. இடப்பக்கம் வெயிலடித்த தார் ரோடு. பால் வண்டி. டிரைவர் ஹாரனில் கையை வைத்தான். எடுக்கவில்லை. அந்தச் சத்தத்துக்குள்ளே, காதோடு காதாக, நாற்பது வருஷம் ஓர் எழுத்து பிசகாத நிதானத்தில் ஒரு குரல் கேட்டது:

"இடது கேக்குதா சார்?"

குமிழ் இன்னும் முழுக்கத் திரும்பியிருக்கவில்லை.